கோடு கிழித்தது யார்?

திண்டிவனத்தில் ஒரு திருமண மண்டபம். மாலை மணி ஆறு. மேடையிலே மூவர் இப்பக்கம், மூவர் அப்பக்கம், நடுவே நடுவர். "குடும்பம் தழைப்பது கூட்டுக் குடும்பத்திலா, தனிக்குடித்தனத்திலா?" என்பது அன்றைய வழக்கு. கூட்டுக் குடும்பக் கட்சியினர் ஆலமரத்தைச் சாட்சிக்கு அழைத்தனர், விழுதை அழைத்தனர், பாட்டியின் மடியையும் ஒரே உலையில் பொங்கிய சோற்றையும் அழைத்தனர். தனிக்குடித்தனக் கட்சியினரோ, பாவம், வாய் திறக்கும்போதே மன்னிப்புக் கேட்பவர்போலத் திறந்தனர். இறுதியில் நடுவர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சம்சாரம் அது மின்சாரம் பார்க்காதவர் இந்த மண்டபத்தில் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்று சிரித்தது கூட்டம். "வீட்டுக்கு நடுவே கோடு கிழித்தால் குடும்பம் என்ன ஆகும் என்பதை விசு அன்றே காட்டிவிட்டார். நான் தனியாகத் தீர்ப்பு எழுத வேண்டுமா?" என்றார். கூட்டுக் குடும்பம் வென்றது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

எனக்கு முன்வரிசையில், மடியில் தூங்கும் குழந்தையோடு அமர்ந்திருந்த ஓர் அம்மையாரும் தட்டினார். குழந்தை விழித்துக்கொள்ளாதபடி, தன் தொடைமீது ஒரு கையால் மெல்லத் தட்டினார்.

நான் தட்டவில்லை. மண்டபத்தைவிட்டு வெளியேறி விழுப்புரம் செல்லும் தொடர்வண்டியைப் பிடித்தேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பின்னே ஓடின. என் உள்ளத்திலோ ஒரே ஒரு கேள்வி மட்டும் ஓடாமல் நின்றது: நடுவர் அந்தப் படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்தாரா? பார்த்திருந்தால் அந்தத் தீர்ப்பை எப்படிச் சொன்னார்? பார்க்கவில்லையெனில், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகத் தமிழ்நாடு முழுவதுமே அந்தக் காட்சி வரும்போது எங்கே போயிருந்தது?

தோழர்களே! ஒரு பழைய திரைப்படத்தைப் பற்றி இவ்வளவு ஆத்திரம் ஏன் என்று நீங்கள் கேட்கக்கூடும். இது படத்தைப் பற்றிய ஆத்திரமன்று. படத்தைப் பாராட்டியவர்களைப் பற்றியது. ஒரு கலைப்படைப்பு சொன்னதைச் சொல்லாததாகவும், சொல்லாததைச் சொன்னதாகவும் ஒரு சமுதாயமே கூடி மாற்றிப் படித்துவிட்டு, அந்தப் பொய்ப்பாடத்தைக் கொண்டு வீட்டுப் பெண்களின் வாயை அடைக்கிறது. ஆத்திரம் அதன்மேல்தான்.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986 ஆம் ஆண்டு ஏ.வி.எம். நிறுவனம் எடுத்த படம். எழுதி இயக்கி நடித்தவர் விசு. மேடைக்கென அவர் முன்னர் எழுதி, 1975 இல் படமாகவும் வந்து எடுபடாமற்போன 'உறவுக்குக் கைகொடுப்போம்' என்னும் நாடகத்தின் மறுபிறவி இது. அம்மையப்ப முதலியார் ஒரு சாதாரண எழுத்தர். மனைவி கோதாவரி. மூத்த மகன் சிதம்பரம் கைநிறையச் சம்பாதிப்பவன், கையை மூடியே வைத்திருப்பவன். வீட்டில் உண்ணும் வாய் ஒன்று குறைந்தால் தான் தரும் பங்கும் குறையவேண்டும் என்று கணக்குப் பார்ப்பவன். அவன் மனைவி உமா. இரண்டாம் மகன் சிவா, அவன் மனைவி வசந்தா. மகள் சரோஜினி, கிறித்தவ இளைஞன் ஒருவனை விரும்பி மணப்பவள். படிப்பு ஏறாத கடைக்குட்டி ஒருவன். இத்தனை பேருக்கும் மேலாக ஊர் முழுவதும் நினைவில் வைத்திருக்கும் வேலைக்காரி கண்ணம்மா. பணத்தகராறு முற்றுகிறது. மகனுக்கும் தந்தைக்கும் சொல் தடிக்கிறது. வீட்டின் நடுவே ஒரு கோடு விழுகிறது. இப்பக்கம் ஒரு குடும்பம், அப்பக்கம் ஒரு குடும்பம். சிதறிக் கிடந்ததையெல்லாம் மூத்த மருமகள் உமா பொறுமையாக ஒன்று சேர்க்கிறாள். மைத்துனனுக்கும் அவன் மனைவிக்கும் இடையே இருந்த பிணக்கைத் தீர்க்கிறாள். நாத்தியின் மணவாழ்வைக் காக்கிறாள். மாமனாருக்கும் கணவனுக்கும் இடையே மீண்டும் பாலம் அமைக்கிறாள். இனி எல்லோரும் ஒரே வீட்டில் இன்புற்று வாழலாம் என்று குடும்பமே கை நீட்டும் நேரத்தில் அவள் சொல்கிறாள்: வேண்டாம். நாங்கள் தனியே போகிறோம். ஒட்டவைத்த உறவு மறுபடியும் உடையும். எட்டி நின்று அன்பு காட்டுவோம், அவ்வப்போது வந்து பார்ப்போம். சொன்னவள் கணவனோடு வெளியேறுகிறாள். படம் முடிகிறது.

இதுதானய்யா படம்! கூட்டுக் குடும்பம் மீண்டும் கூடிவிட்டதாகக் காட்டி வணக்கம் போடும் படமன்று. கூட்டுக் குடும்பத்துக்கு வாழ எல்லா வாய்ப்பும் கிடைத்த அந்த ஒரு கணத்தில், அந்த வீட்டிலேயே மிகப் பொறுப்பான பெண், நன்றாக எண்ணிப் பார்த்து, சண்டையில்லாமல், கண்ணீரோடு அதை மறுக்கும் படம். கோபத்தில் பிரிந்தவள் மனம் மாறித் திரும்புவாள் என்று சொல்லலாம். ஒற்றுமையை உண்டாக்கி முடித்தபின் பிரிகிறவளை என்ன சொல்லித் திருப்புவீர்கள்?

இந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பு சிறிதன்று. தமிழகம் முழுவதும் மாதக்கணக்கில் ஓடியது. நல்ல பொழுதுபோக்கு வழங்கும் மக்கள் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அந்த விருதைப் பெற்ற முதல் தமிழ்ப்படம் என்ற பெருமையும் அதற்கு உண்டு. 1987 இல் தெலுங்கிலும் இந்தியிலும் கன்னடத்திலும், 1988 இல் மலையாளத்திலும் மீண்டும் எடுக்கப்பட்டது. மொழி மாறினாலும் மாமனாரும் மருமகளும் மாறாத நாடல்லவா இது!

ஆனால் பாராட்டுரைகளின் தன்மையைப் பாருங்கள். எந்த ஊர் மேடையாயினும், எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாயினும், இந்தப் படத்தைப் புகழ்பவர் எடுக்கும் முதற்சொல் "குடும்பத்தோடு பார்க்கத்தக்க படம்" என்பது. குடும்பத்தோடு பார்க்கத்தக்கது என்றால் என்ன பொருள்? ஆபாசமில்லை என்று பொருள். இருக்கட்டும். இல்லாததைப் புகழ்ந்தாயிற்று, இருப்பதைப் பற்றி ஒரு சொல்? "கூட்டுக் குடும்பத்தின் பெருமையை உணர்த்திய படம்" என்பது அடுத்த சொல். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒருங்கே வருகின்றன. பாட்டனின் மரண விசாரணையில் அவர் நீடூழி வாழ்ந்ததாகச் சாட்சி சொல்வதற்கு ஒப்பானது அது. மூன்றாவதாக வருவது கண்ணம்மாவின் நகைச்சுவை. மனோரமாவும் கிஷ்முவும் மோதும் அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அதில் குற்றமில்லை, மனோரமாவின் ஆற்றலுக்கு ஈடேது? ஆயினும் அந்தக் காட்சியோடு பலருக்குப் படம் முடிந்துவிடுகிறது. எழுந்து போய்விடுகிறார்கள், உடலால் இல்லையெனினும் உள்ளத்தால்.

இந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். நடுவர் பெருமானும் அதைத்தானே எடுத்தார்! வீட்டைப் பிளந்த கோட்டுக்குப் பழி யார்மீது விழுகிறது? கஞ்சன் மகன்மீது. சிலர் துணிந்து மருமகள்கள்மீதும் போடுகிறார்கள். மருமகள் வந்தால்தானே கோடு வரும் என்பது இந்நாட்டு வேதாந்தம். படத்தில் கோடு கிழிக்கச் சொல்லிக் கட்டளையிடுபவர் யார்? தந்தை. அம்மையப்ப முதலியார். கிழிக்கும்படி ஏவப்படுபவள் யார்? கோதாவரி. ஆணையிடும் குரல் ஆணுடையது. குனிந்து கோடு போடும் கை பெண்ணுடையது. ஒரு நொடியில் நடந்து முடியும் இந்தச் சிறு காட்சியில், கூட்டுக் குடும்பம் எப்படி இயங்குகிறது என்பது முழுவதும் அடங்கியிருக்கிறது. நாற்பது ஆண்டுக் கைதட்டலில் ஒரு கையேனும் இதைச் சுட்டிக்காட்டியதுண்டா?

மேலும் அந்த வீட்டில் அதற்கு முன்பே கோடுகள் இல்லையா? சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் இடையே ஒரு கோடு, பெண் உள்ளே, ஆண் வெளியே. ஆண் உண்ட பின்னர்ப் பெண் உண்ணும் நேரக்கோடு. இரண்டாம் மருமகள் வசந்தாவை எண்ணிப் பாருங்கள். அவள் கேட்டதென்ன? நகையா? நிலமா? கணவனோடு தனித்திருக்கச் சிறிது பொழுது, நெரிசல் மிகுந்த வீட்டில் தமக்கென ஓர் இடம். அதைக் கேட்டதற்காக அவளை அடங்காப்பிடாரி வரிசையில் சேர்த்துவிட்டது பார்வையாளர் கூட்டம். மணமான இருவர் தனித்துப் பேசக்கூட இடமில்லாத வீட்டை இலட்சிய வீடென்று கொண்டாடுவதற்கு எவ்வளவு கல்நெஞ்சம் வேண்டும்!

1879 இல் இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' என்னும் நாடகத்தைக் கல்லூரியில் படித்தவர்கள் சிலர் இருப்பீர்கள். நோரா என்னும் மனைவி, தன்னைப் பொம்மையாக வைத்திருந்த கணவனையும் பிள்ளைகளையும் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுவாள். அந்தக் கதவோசை ஐரோப்பாவையே உலுக்கிற்று. செருமனியில் அந்நாடகத்தை நடத்த முனைந்தபோது, நோராவாக நடிக்கவிருந்த புகழ்பெற்ற நடிகை ஹெட்விக் நீமன்-ராபே, "என் பிள்ளைகளை விட்டு நான் போகவே மாட்டேன், ஆகவே இந்த முடிவில் நடிக்கமாட்டேன்" என்று மறுத்துவிட்டார். வேறு யாரேனும் கண்டபடி மாற்றிவிடுவார்களே என்று அஞ்சிய இப்சன், 1880 இல் தாமே வேறு முடிவு ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதில் நோரா தூங்கும் பிள்ளைகளைக் கண்டு மனம் உடைந்து வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். எழுதிய இப்சனே அதைத் தம் நாடகத்தின்மீது நடந்த காட்டுமிராண்டித்தனமான வன்முறை என்று சொன்னார்.

அங்கே முடிவை மாற்ற ஒரு நடிகை அடம்பிடிக்கவேண்டியிருந்தது; ஆசிரியரே பேனாவை எடுக்கவேண்டியிருந்தது. நம் நாட்டில் அவ்வளவு தொல்லை இல்லை! படச்சுருளில் ஓர் அங்குலம்கூட வெட்டாமல், கொட்டகையில் உட்கார்ந்திருந்த இலட்சக்கணக்கானோர் தத்தம் மண்டைக்குள்ளேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள். வெளியேறிய உமாவை வீட்டுக்குள் இழுத்து வந்து கதவைத் தாழிட்டார்கள். தணிக்கைக் குழுவுக்கு இல்லாத திறமை தாத்தாக்களுக்கு இருந்தது.

உமாவும் நோராவும் ஒருத்தி என்று நான் சொல்லவரவில்லை. நோரா கணவனை விட்டுப் போகிறாள். உமா கணவனை அழைத்துக்கொண்டு போகிறாள். நோரா தன்னைத் தேடிப் போகிறாள். உமா அனைவருடைய அமைதியையும் கருதிப் போகிறாள். விசு ஒன்றும் புரட்சிக்காரர் அல்லர். 'மணல் கயிறு' முதலாக அவர் எடுத்த படங்களில் நம் கொள்கைக்கு ஒவ்வாதவை எத்தனையோ. இருந்தும், நேர்மையாகக் கதை சொல்லத் தெரிந்த ஒருவர், தம் பாத்திரங்களை ஒரே கூரைக்கீழ் அடைத்துப் பார்த்தார், கூரை தாங்கவில்லை, உண்மையை ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டவேண்டும். அவருக்குக் கிடைத்ததோ, அவர் எழுதாத படத்துக்கான பாராட்டு.

அதே 1986 ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? தண்டனைச் சட்டத்தில் 304 பி என்னும் புதுப் பிரிவைச் சேர்த்தது. மணமான ஏழு ஆண்டுக்குள், வரதட்சணைக் கொடுமைக்கு ஆளாகி, இயற்கைக்கு மாறாக இறக்கும் பெண்ணின் சாவை 'வரதட்சணைச் சாவு' என்று பெயரிட்டுக் குற்றமாக்கிய பிரிவு அது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1983 இல், கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கிய 498 ஏ வந்தது. கணவன் மட்டுமன்று, கணவனுடைய உறவினரும் என்று இரு பிரிவுகளிலும் எழுதினார்களே, ஏன்? ஆலமரத்தின் கீழே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கையில் அப்படியொரு சட்டம், மறு கையில் நல்ல பொழுதுபோக்குக்குத் தங்கத்தாமரை. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே தில்லியிலிருந்து!

சொத்து? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணுக்கும் ஆணைப்போல் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றிற்று. செங்கற்பட்டு திண்டிவனத்திலிருந்து எட்டிய தூரமா? தொடர்வண்டியில் ஒன்றரை மணிக்குள் போய்ச் சேரலாம். அந்தத் தீர்மானம் சட்டமாகித் தமிழ்நாட்டு இந்துப் பெண்ணுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வந்தது 1989 இல். அறுபது ஆண்டு! இந்திய நாடு முழுமைக்கும் வந்தது 2005 இல். அப்படியானால் 1986 இல், எந்த இந்துக் கூட்டுக் குடும்பத்தின் வீட்டில் எந்த முதலியார் கோடு கிழித்திருந்தாலும், அந்த வீடு பரம்பரை வீடாயிருந்தால், கோட்டின் இப்பக்கமும் அந்த வீட்டு மகளுடையதன்று, அப்பக்கமும் அவளுடையதன்று. 'கூட்டு' என்னும் சொல்லில் அவள் கூட்டல் குறிக்கு வெளியே நின்றவள்.

இன்னும் ஒன்று. உமா வெளியேறி முப்பது ஆண்டுகள் கழிந்து, 2016 அக்டோபரில், நரேந்திரா எதிர் கே. மீனா என்ற மணமுறிவு வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. அவை இங்கே நமக்கு வேண்டா. வேண்டுவது தீர்ப்பின் ஒரு பகுதி. மகன் மணமானதும் பெற்றோரைவிட்டுப் பிரிவது மேலைநாட்டு வழக்கம், நம் நாட்டு வழக்கமன்று. தக்க காரணமின்றிக் கணவனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க மனைவி இடைவிடாது முயல்வது கொடுமை என்ற கருத்தை அது பதிவு செய்தது. மகன் பிரிந்தால் பெற்றோர்க்குக் கேடு என்று கலங்கும் நீதி, மகள் பிறந்தகத்தை விட்டுப் பிரியும்போது ஏன் கலங்கவில்லை? அவளுடைய பெற்றோர்க்கு மூப்பு வராதா? முழங்கால் வலிக்காதா? அவள் பிரிவது மங்களம், அவன் பிரிவது கொடுமையா? படத்தின் உமாவுக்கு நல்வாய்ப்பு; அவள் கணவன் வழக்காடவில்லை.

இனி, படத்தைப் பாராட்டாமல் விட்ட இடங்களைச் சொன்ன நான், பாராட்டக்கூடாத இடத்தையும் சொல்லியாகவேண்டும். இல்லையேல் நானும் இன்னொரு பாராட்டுரையாளனாக முடிவேன்.

1949 இல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' திரைக்கு வந்தது. அதிலும் ஒரு முதலியார் உண்டு, வேதாசல முதலியார். அந்த வீட்டிலும் ஒரு வேலைக்காரி உண்டு, அமிர்தம். ஆனால் அங்கே வேலைக்காரிதான் கதைத்தலைவி. படத்தின் பெயரே அவள் பெயர். முதலியார் மகனை மணந்து அந்த வீட்டின் தலைவாயில் வழியே நுழைகிறாள். முப்பத்தேழு ஆண்டு கழித்து வந்த அம்மையப்ப முதலியார் வீட்டில் வேலைக்காரியின் இடம் எது? நகைச்சுவை. அவளுக்கு நாவன்மை உண்டு, துணிவு உண்டு, அந்த வீட்டார் அனைவரைக் காட்டிலும் கூர்மையான அறிவு உண்டு. குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் சூழ்ச்சியில் பாதி வேலையைச் செய்பவளும் அவளே. மாலையில் அவள் திரும்பும் வீடு எத்தகையது, அங்கே கூட்டா தனியா, கூரையா ஓடா என்பதைப் படம் காட்டிக் கவலைப்படவில்லை, பாராட்டியவர்களும் கேட்கவில்லை. எல்லோருடைய வீட்டைப் பற்றியும் கவலைப்படும் பெண்ணுக்கு வீடே இல்லை. அமிர்தத்திலிருந்து கண்ணம்மாவுக்கு வந்தது முன்னேற்றமா என்று நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும். இது விசு ஒருவருடைய குற்றம் அன்று.

சரோஜினியின் காதல் மணத்தைப் பற்றியும் ஒரு சொல். மதம் கடந்த மணத்தைத் திரையில் காட்டி, மக்கள் சிரித்து ஏற்கும்படி செய்தது நன்றே. ஆயினும் முதலியார் வீட்டுப் பெண்ணுக்கும் பெர்னாண்டஸ் வீட்டுப் பையனுக்கும் நடக்கும் மணத்துக்குக் கைதட்டிய கைகள், அதே பெண் சேரியில் ஒருவனைக் கைப்பிடித்திருந்தால் தட்டியிருக்குமா? விழுப்புரத்தில் நின்றுகொண்டு கேட்கிறேன் இதை. 1978 சூலையில் ஆதித்திராவிட மக்கள் 12 பேர் கொல்லப்பட்ட ஊர் இது. படம் வந்தபோது அது நடந்து எட்டாண்டுதான் ஆகியிருந்தது. குடும்பம், குடும்பம் என்கிறோமே, அந்தக் குடும்பத்தின் சுவர் எந்தச் செங்கல்லால் கட்டியது என்று கேட்காத திறனாய்வு வெறும் சுண்ணாம்பு வேலை.

நிற்க. நான் ஏன் இதை எழுதத் துணிந்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்துவிட்டு ஊரைத் திட்டுவது நாணயமாகாது.

விழுப்புரத்தின் விளிம்பில் எங்கள் வீடு. ஒரு தலைமுறைக்கு முன் நெல் விளைந்த நிலம்; இன்று கல் நட்டு, கோடு போட்டு, ஆளுக்கொரு மனையாக விற்று, 'நகர்' என்று பெயர்ப்பலகை வைத்தாயிற்று. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம்வரை சாலையின் இருமருங்கும் இப்படி எத்தனை நகர்கள்! வயலைக் கூறுபோட்டு விற்றபோது கண்ணீர் விடாதவர்கள், வீட்டைக் கூறுபோட்டால் பண்பாடு அழிந்தது என்கிறார்கள். வங்கிக் கடனில் எழுப்பிய இரண்டு படுக்கையறை வீடு எங்களுடையது. அதில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் குழந்தை, பாட்டி, நான். ஏழு பேர். அண்ணி தனியார் அலுவலகமொன்றில் கணக்கர். விடியற்காலை நாலரைக்கு எழுவார். ஏழு பேருக்குச் சமைத்து, நால்வருக்குக் கட்டிக்கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டிப் பேருந்துக்கு ஓடுவார். மாலையில் திரும்பி வந்து மறுபடியும் அடுப்பு. மாதச் சம்பளம் அப்பாவின் கைக்கு. செலவுக்குப் பணம் அப்பாவின் கையிலிருந்து.

ஒருநாள் அண்ணி கேட்டார், இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஒரு வீடு பார்க்கலாமா என்று. வீடு இடிந்து விழுந்ததுபோல் ஆயிற்று. அப்பா எழுந்து, "அந்தப் படத்தில் கோடு போட்டார்களே, அதைப் போடத்தான் வந்தாயா அம்மா?" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பகுத்தறிவு பேசும் நான், பள்ளியில் பிள்ளைகளுக்குப் பெண்ணுரிமை பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் நான், என்ன செய்தேன்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தது. "அண்ணி, உட்கார்ந்து பாருங்கள். நல்ல படம். உங்களுக்கே புரியும்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தார். கண்ணம்மா காட்சிக்கு வீடே சிரித்தது. அது முடிந்ததும் அப்பா கை கழுவப் போனார். அம்மா இலை போடப் போனார். நான் கைப்பேசியை எடுத்தேன். அண்ணி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவர், என்னிடம் மெல்லக் கேட்டார்: "தம்பி, கடைசியில் அந்தப் பெண் போய்விடுகிறாளே, நீங்கள் பார்த்ததில்லையா?"

அதற்குமுன் நான்கு முறை அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன். நான்கு முறையும் கண் திறந்திருந்தது. உமா தனியே போகிறேன் என்று சொன்னது செவியிலும் விழுந்திருக்கும். இருந்தும் அண்ணி கேட்ட அந்த நொடிவரை, எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்றே என் நினைவு சொல்லிக்கொண்டிருந்தது. திண்டிவனத்து நடுவரை நான் குறைகூறும்போது, என்னையும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக வைத்தே கூறுகிறேன். படித்தவன் பார்க்காமல் விட்டதை, பார்க்கவேண்டிய தேவை இருந்தவர் பார்த்தார்.

ஒரு படத்தை யார் பார்க்கிறார், எங்கிருந்து பார்க்கிறார் என்பதைக் கேட்காமல் 'மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்' என்று எழுதும் வழக்கத்தை நாம் விடவேண்டும். எந்த மக்கள்? கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பார்த்தவர்கள் கூட்டுக் குடும்பத்தைக் கண்டார்கள். அடுக்களை வாயிலில் நின்று, பால் பொங்கிவிடுமோ என்று ஒரு கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டிருக்கலாம். அவர்களுடைய திறனாய்வு எந்த ஏட்டிலும் அச்சேறவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முன்வரிசையில் தூங்கும் குழந்தையோடு அமர்ந்து தொடையில் மெல்லத் தட்டிய அந்த அம்மையார்கூட வேறு ஏதேனும் சொல்லியிருப்பார்.

முதியோரை நடுத்தெருவில் விடச் சொல்கிறாயா என்று சினந்து கேட்பவர் உண்டு. இல்லை ஐயா. பெற்றோரைப் பேணுதல் மகனுக்கும் மகளுக்கும் கடமை; 2007 இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்திருக்கிறது; அதில் மகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பேணுவதற்கு ஒரே உலை தேவையில்லை. ஒரே உலை இருந்தும் பேணாத வீடுகளை என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளிலேயே கண்டிருக்கிறேன். மருமகளின் முதுகில் ஏற்றிய சுமைக்கு மகனின் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறோமே, அந்தப் பெயரைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

அண்ணனும் அண்ணியும் இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். அப்பா மூன்று மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நான்காம் மாதம் பேத்திக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மிதிவண்டியை எடுத்தார். இப்போது காலைதோறும் போகிறார். போகும்போது கொல்லையில் காய்த்த முருங்கைக்காய் நான்கைந்தைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். அண்ணியின் சம்பளம் அண்ணியின் கணக்கில் இருக்கிறது. இங்கே எங்கள் வீட்டில் சோறு வடிப்பது பெரும்பாலும் நான். குழைந்துவிடுகிறது என்று பாட்டி நாள்தோறும் குறை சொல்கிறார், குறை உண்மைதான்.

திண்டிவனத்து மன்றத்தாரிடமிருந்து சென்ற வாரம் ஒரு மடல் வந்தது. அடுத்த பட்டிமன்றத்தில் நானும் பேசவேண்டுமாம், அதே தலைப்பில், கூட்டுக் குடும்பக் கட்சியில். ஆள் குறைகிறதாம். எக்கட்சியிலாயினும் பேசுகிறேன், பேச்சுக்கு முன்னர் அந்தப் படத்தின் கடைசிப் பத்து நிமிடங்களை மண்டபத்தில் திரையிட்டுக் காட்டவேண்டும், அது ஒன்றே என் நிபந்தனை என்று மறுமொழி எழுதினேன். நேற்று மன்றச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "நல்ல யோசனைதான் சார். ஆனால் திரையெல்லாம் கட்ட முடியாது. அன்றைக்கு இன்னிசைக் கச்சேரியும் இருக்கிறது" என்றார்.